43, டீப்கிரீன் லேன்

புது வீட்டுக்குக் குடி போகப் போகிறீர்கள். என்ன செய்வீர்கள்? ஒருவாரம் முன்னதாகவே போய் ஒட்டடை அடிப்பீர்கள். தரையைக் கழுவித் தள்ளுவீர்கள். எந்த அறையில் பீரோ, எந்தச் சுவரில் கடிகாரம் என்று கணவனும் மனைவியும் கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்வீர்கள். பிறகு நல்லநாள் பார்த்துப் பால் காய்ச்சுவீர்கள்.

அமெரிக்காவில் பால் காய்ச்சும் வழக்கம் மட்டும்தான் கிடையாது. மற்றபடி குடித்தனக்காரர்கள் எல்லா தேசத்திலும் ஒரே ஜாதி.

1957-ம் வருடம் ஆகஸ்ட் 13-ம் தேதி. பென்சில்வேனியா மாநிலத்தில் லெவிட்டவுன் என்றொரு ஊர். அங்கே டீப்கிரீன் லேன், 43-ம் நம்பர் வீட்டில் டெய்சி மையர்ஸ் என்ற பெண்மணி துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். படித்தவர், ஆசிரியைப் பயிற்சி பெற்றவர். இரண்டு பையன்கள், மூன்றாவதாக ஒரு கைக்குழந்தை. கணவர் பில் மையர்ஸ், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். ட்ரெண்டன் நகரில் உத்தியோகம். இருந்த வீடு குழந்தைகளுக்குப் போதவில்லை. மூன்று படுக்கையறை உள்ள வீடாகப் பார்த்து வாங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

அதாவது, அவ்வளவுதான் கதையாக இருந்திருக்க வேண்டும்.

தபால்காரர் வந்தார். வாசலில் ஒரு கறுப்பினப் பெண். வேலைக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் யார் என்று விசாரித்தார். நான்தான் என்றார் டெய்சி. தபால்காரர் கிளம்பினார். அன்றைக்கு அவர் கடிதங்களைவிட வேகமாக ஒரு சேதியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். வந்துவிட்டார்கள், லெவிட்டவுனுக்குள் கறுப்பர்கள் வந்துவிட்டார்கள்!

அன்றிரவு அந்தச் சின்னஞ்சிறிய புல்வெளியின் முன்னால் சில நூறு பேர் கூடினார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். முன்பக்கத்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் கல்லடி பட்டு நொறுங்கியது. அந்தக் குடும்பம் இன்னும் குடிகூட வரவில்லை. ஒட்டடை அடித்ததோடு சரி.

*

இங்கே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் தேவைப்படுகிறது. லெவிட்டவுன் என்பது என்ன மாதிரி ஊர்?

போர் முடிந்து லட்சக்கணக்கில் சிப்பாய்கள் அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள். குழந்தை பெற்றார்கள். குடியிருக்கத்தான் வீடு இல்லை. அப்போது வில்லியம் லெவிட் என்ற பில்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஃபோர்டு கம்பெனி கார் செய்கிற மாதிரி வீடு செய்தால் என்ன? காரில் கார் நகரும், ஆட்கள் நிற்பார்கள். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். ஒரு கோஷ்டி அஸ்திவாரம் மட்டும் போடும். அடுத்த கோஷ்டி சுவர் மட்டும். இன்னொரு கோஷ்டிக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டுமே ஜோலி. 1947-ல் நியூயார்க் அருகே முதல் லெவிட்டவுன். 1952-லிருந்து பென்சில்வேனியாவில் இரண்டாவது. இங்கே மட்டும் 17,311 வீடுகள். 1957-ல் ஜனத்தொகை சுமார் 60,000.

அத்தனை பேரும் வெள்ளையர்கள். தற்செயல் அல்ல. ஏற்பாடே அப்படி.

லெவிட் ஒரு யூதர். தன் இனத்துக்கும் பல இடங்களில் கதவு சாத்தப்பட்ட வரலாறு அவருக்குத் தெரியும். இருந்தாலும் வியாபாரம் வேறு, மனசாட்சி வேறு என்று வைத்திருந்தார். கறுப்பருக்கு ஒரு வீடு விற்றால் வெள்ளையர்கள் வாங்க வரமாட்டார்கள். வீட்டுப் பிரச்னையைத் தீர்க்கச் சொன்னால் தீர்க்கிறேன், இனப் பிரச்னையையும் சேர்த்துத் தீர்க்கச் சொன்னால் என்னால் ஆகாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சரி, அவர் வியாபாரி. அரசாங்கம்? அதுதான் இன்னும் மோசம். 1934-ல் அமெரிக்க அரசு கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்றொரு அமைப்பை உருவாக்கியது. வங்கி தருகிற வீட்டுக் கடனுக்கு இந்த நிர்வாகம் உத்தரவாதம் கொடுக்கும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் சாமானியனுக்கு மலிவு வட்டியில் கடன் கிடைக்கும். அதே நிர்வாகத்தின் கையேடு, இனங்கள் கலந்து வாழும் பகுதி முதலீட்டுக்கு ஆபத்து என்றது. இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவதைச் சிபாரிசு செய்தது. இன்னொரு பக்கம், வேறொரு அரசு அமைப்பு ஊர் ஊராக வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழும் பேட்டைகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருந்தது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது அபாயம் என்று அர்த்தம்.

1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பத்திரத்திலிருந்த வரி அதற்குள் ஜனங்களின் மண்டைக்குள் குடியேறிவிட்டிருந்தது. 

*

டீப்கிரீன் லேனுக்குத் திரும்பி வருவோம்.

ஆகஸ்ட் 19-ம் தேதி மையர்ஸ் குடும்பம் மூட்டை முடிச்சுகளுடன் குடி வந்தது. தினசரி இரவுக் கூட்டமும் வந்தது. கூச்சல், வசவு, கல். உள்ளூர் போலீஸால் சமாளிக்க முடியவில்லை. எவ்வளவு தூரம் முயற்சி செய்தார்கள் என்பதே கேள்விக்குறி. குடியேறிய மறுநாள் பறந்து வந்த கல்லொன்று ஒரு போலீஸ் சார்ஜெண்ட் தலையில் பட்டு, மனிதர் நினைவிழந்து விழுந்தார். கவர்னர் ஜார்ஜ் லீடர் மாநில போலீஸை அனுப்பினார். அதன்பிறகே கூட்டம் கலைந்தது.

கூட்டம்தான் கலைந்தது. வெறுப்பு கலையவில்லை. அது கமிட்டி போட்டது.

அந்தக் கமிட்டிக்கு என்ன பெயர் தெரியுமா? லெவிட்டவுன் மேம்பாட்டுக் குழு! பெயரைக் கேட்டால் சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு என்று மனு கொடுக்கிற சங்கம் மாதிரி இல்லை? இந்தக் குழுவுக்கு இருந்த ஒரே மேம்பாட்டுத் திட்டம், ஒரு குடும்பத்தைத் துரத்துவது. மையர்ஸ் வீட்டுக்குப் பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த வீட்டைக் கிளப்பாக மாற்றினார்கள். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடியை ஏற்றினார்கள். நேரங்கெட்ட நேரத்தில் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். ஒருவர் தன் கறுப்பு நாய்க்குக் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லையே பெயராக வைத்து, அந்த வீட்டின் எதிரே நடத்திக்கொண்டுபோய் உரக்கக் கூப்பிட்டார். டெலிபோன் மணி ஓயாது. எடுத்தால் மிரட்டல்.

இதைச் செய்தவர்கள் யாரும் கொள்ளைக் கூட்டத்தார் இல்லை. காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், மாதாமாதம் ஒழுங்காகத் தவணை கட்டிய குடும்பஸ்தர்கள். அதுதான் நம்மைத் தொந்தரவு செய்யவேண்டிய சங்கதி.

*

சரி, அந்த ஊரில் நல்லவர்களே இல்லையா? இருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் லூ வெக்ஸ்லர், பியா வெக்ஸ்லர் என்று ஒரு யூதத் தம்பதி. இடதுசாரிகள். மையர்ஸ் குடும்பம் வருவதை விரும்பி வரவேற்றவர்கள். கல் விழுந்த முதல் நாளிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவு மையர்ஸ் குடும்பத்துக்குத் திறந்தே இருந்தது. அதற்குக் கைமேல் பலன் கிடைத்தது. வெக்ஸ்லர் வீட்டுச் சுவரில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெறியர் அமைப்பின் மூன்றெழுத்தைச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். ஆதரவாகப் பேசிய இன்னொருவர் வீட்டுப் புல்வெளியில் சிலுவை எரிந்தது. அடுத்து நீதான் என்பதற்கான சங்கேதம் அது.

இந்த இடத்தில் சாதாரணமாக என்ன நடக்கும்? நல்லவர்கள் பயப்படுவார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து, ‘பாவம், இப்படிச் செய்யக்கூடாது’ என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் போடுவார்கள். லெவிட்டவுனிலும் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் கொஞ்சம் பேர் வேறொரு காரியம் செய்தார்கள். எதிர்த்தரப்பு கமிட்டி போட்டதல்லவா? இவர்களும் போட்டார்கள். பாதிரியார்கள், யூதர்கள், குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் அகிம்சைக் கிறிஸ்தவர்கள், கட்சிப் பற்றில்லாத சில குடும்பத் தலைவிகள். அவர்கள் மேடை போட்டு முழங்கவில்லை. முறை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

இன்று ராத்திரி மையர்ஸ் வீட்டு ஹாலில் யார் கண்விழித்து உட்காருவது? நாளைக்கு யார்? சிலர் பாத்திரம் கழுவினார்கள். சிலர் வீட்டைத் துடைத்தார்கள். ஒருவர் புல் வெட்டிக் கொடுத்தார். மிரட்டல் போன் வந்தால் டெய்சிக்குப் பதில் வேறு யாராவது எடுத்தார்கள். இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் வாசலில் சாவகாசமாக நின்று பேசிக்கொண்டிருந்தாலே போதும், அது ஒரு அறிவிப்பு. இந்த வீடு தனியாக இல்லை.

சிரிக்காதீர்கள். பாத்திரம் கழுவுவது புரட்சியா என்று தோன்றும். கையில் ஒரு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, வெளியே ஊர் திரண்டு நிற்கும்போது, சமையலறையில் வந்து நின்று ‘நீங்கள் குழந்தையைப் பாருங்கள், நான் இதைக் கவனிக்கிறேன்’ என்று ஒருத்தி சொன்னால் அது என்ன என்பது அந்தத் தாய்க்குத்தான் தெரியும். மையர்ஸ் தம்பதி ஓடிப்போகாததற்கு அவர்களுடைய நெஞ்சுரம் முதல் காரணம். இந்த முறைப் பட்டியல் இரண்டாவது காரணம்.

அக்டோபரில் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் தாமஸ் மெக்பிரைட், தொல்லை கொடுத்தவர்கள்மீது கோர்ட்டுக்குப் போனார். அந்த வீட்டின் பக்கம் வாலாட்டக்கூடாது என்று தடை உத்தரவு வந்தது. முதலில் தற்காலிகமாக, 1958-ல் நிரந்தரமாக. தெரு அமைதியானது. கல் வீச்சைச் சட்டம் நிறுத்தியது. ஆனால் சட்டம் வந்துசேரும்வரை அந்த வீட்டில் விளக்கை எரியவிட்டவர்கள் அக்கம்பக்கத்தார்.

*

கதை இத்துடன் சுபம் என்று எழுதத்தான் ஆசை. ம்ஹும்.

1961-ல் பில்லுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பம் கிளம்பியது. அதன்பிறகு? லெவிட்டவுனுக்குள் கறுப்பர்கள் வரிசையாக வந்து குவியவில்லை. அந்த ஊர் இன்றைக்கும் பெருமளவு வெள்ளையர் ஊர்தான். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. கலவரத்தை எதிர்த்துச் சேர்ந்த கூட்டணி, கலவரம் முடிந்ததும் சோர்ந்துவிட்டது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஊரை மாற்றுவது வேறு வேலை.

அந்த வேறு வேலையை எப்படிச் செய்வது என்பதற்கும் அதே காலத்தில், அங்கிருந்து 30, 35 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியா நகரின் வடமேற்கே, வெஸ்ட் மவுண்ட் ஏரி என்ற பேட்டை.

அங்கே வந்த ஆபத்து கல் ரூபத்தில் இல்லை. புரோக்கர் ரூபத்தில். அவர்களது தொழில் ரகசியத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி இடத்தில்தான் உபயோகம்.

ஒரு பேச்சுக்கு, வெள்ளையர் தெருவில் ஒரு வீட்டின் விலை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குடும்பம் ஒன்று அங்கே குடிவருகிறது. மறுநாளே புரோக்கர் மற்ற வீடுகளின் கதவைத் தட்டுவார். ‘சார், ஏரியா மாறுகிறது. இன்றைக்கு விற்றால் எட்டாயிரம். அடுத்த மாதம் ஆறுகூடத் தேறாது.’ பயந்தவர் எட்டுக்கு விற்பார். புரோக்கர் அதே வீட்டைக் கறுப்புக் குடும்பத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு விற்பார். அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு தர ஆளில்லை, வங்கியில் கடனும் கிடைக்காது. சொன்ன விலைக்குத் தலையாட்டியே தீரவேண்டும். பல இடங்களில் புரோக்கரே தவணை முறையில் கொடுப்பார். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு.

வெள்ளைக்காரருக்கு இரண்டாயிரம் நஷ்டம். கறுப்பருக்கும் இரண்டாயிரம் நஷ்டம். நடுவில் இருப்பவருக்கு நாலாயிரம் லாபம். முதலீடு? பயம்.

கறுப்பர்கள் வந்ததால் விலை விழுந்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். உண்மையில் விலை விழும் என்று பயந்து எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க ஓடியதால் விழுந்தது. வங்கி திவாலாகப் போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, எல்லோரும் வாசலில் க்யூ கட்டிப் பணத்தை எடுத்தால், நல்ல வங்கியும் திவாலாகுமே, அந்தக் கதை.

மவுண்ட் ஏரிக்காரர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். இனம் என்கிற உணர்ச்சிக்குள் ஒளிந்திருந்த வியாபாரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

1950-களின் மத்தியில் சர்ச்சுகளும் யூத ஆலயமும் கைகோத்தன. எலியாஸ் சாரி என்ற யூத குரு தன் சபையைச் சேர்ந்தவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். பயந்து விற்காதீர்கள், புதிதாக வருகிறவர்களோடு பழகிப் பாருங்கள். அண்டை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு காபி கொடுத்துப் பேசினார்கள். வாசலில் விற்பனை போர்டு வைப்பதைத் தடுக்கப் பார்த்தார்கள். நாலு போர்டு ஒரே தெருவில் தெரிந்தால் ஐந்தாவது ஆளுக்கு வயிற்றைக் கலக்கும் அல்லவா? பீதி கிளப்பும் புரோக்கர்களோடு மல்லுக்கு நின்றார்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களின் தரம் கெடாமல் இருக்க அதிகாரிகளை நச்சரித்தார்கள். 1959-ல் இதற்கென்றே வெஸ்ட் மவுண்ட் ஏரி நெய்பர்ஸ் என்று ஒரு சங்கம் உருவானது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நடத்திய சங்கம்.

விளைவு, அமெரிக்காவில் இனங்கள் கலந்து நிலையாக வாழ்ந்த பேட்டைகளுக்கு உதாரணம் கேட்டால் இன்றுவரை மவுண்ட் ஏரியைச் சொல்கிறார்கள். அப்பழுக்கில்லாத சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். அங்கே வீடு வாங்கிய கறுப்பர்கள் பெரும்பாலும் டாக்டர், ஆசிரியர், வக்கீல் என்று வசதியுள்ள நடுத்தர வர்க்கம். ஏழைக் கறுப்பருக்கு அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. இனச் சுவரை இடித்தவர்கள் பணச் சுவரைத் தொடவில்லை. இந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம்.

1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11-ம் தேதி, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம் பார்த்து வீடு தர மறுப்பதும், இனத்தைச் சொல்லிப் பயமுறுத்தி விற்கவைப்பதும் தேசம் முழுக்கக் குற்றமாயின. மவுண்ட் ஏரிக்காரர்கள் அதற்குப் பத்து வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

*

யோசித்துப் பாருங்கள். லெவிட்டவுனில் இருந்தது இரண்டு கமிட்டி. ஒரே ஊர், ஒரே மாதிரி வீடு, ஒரே சம்பளம், ஒரே கடையில் காய்கறி. ஒரு கமிட்டி பின்பக்கத்து வீட்டில் கொடி ஏற்றியது. இன்னொன்று முன்பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவியது. வெறுப்புக்கு ஒன்று சேர நேரமே தேவைப்படவில்லை. ஒரு தபால்காரரின் ஒரு ரவுண்டு போதுமானதாக இருந்தது. நல்லெண்ணம்தான் எப்போதும் லேட். அவரவர் மனத்துக்குள் தனித்தனியாக நல்லவர்களாக இருந்துகொண்டு, யாராவது முதலில் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கும். நல்லவராக இருப்பது போதாது. யாருக்கு எந்த ராத்திரி முறை என்று எழுதி வைத்துக்கொள்கிற அளவுக்கு அது வேலையாக மாறவேண்டும். வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிடாது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பில் மையர்ஸ் 1987-ல் காலமானார். டெய்சி யார்க் நகரில் பள்ளித் தலைமை ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1999 டிசம்பரில் லெவிட்டவுனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பிரிஸ்டல் டவுன்ஷிப் மேயர் சாம் ஃபென்டன், 42 வருடங்களுக்குப் பிறகு, ஊர் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு கிறிஸ்துமஸ் மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மிஸ் டெய்சி. டெய்சி போனார், மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். 2005-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் கண் மூடினார்.

மேயர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கவர்னர் பெயர் இருக்கிறது. கல்லெறிந்தவர்களில் சிலர் பெயர்கூட கோர்ட் ரெக்கார்டில் இருக்கிறது. முறை வைத்துக்கொண்டு அந்த ஹாலில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவர்களில் பலருடைய பெயர் எங்கும் இல்லை. அவர்கள் அதை எதிர்பார்த்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. விடிந்ததும் எழுந்து, அவரவர் வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த ராத்திரிக்கு வேறொருவர் வந்திருப்பார்.